யோக சிகிச்சையாளரிடம் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டாலோ தோள் இறங்கிவிட்டாலோ முதலில் நினைவுக்கு வருவது ஆசான் எனப்படும் வர்ம வைத்தியரின் வைத்தியசாலைதான். அங்கே நாம் படுத்துக்கொள்கிறோம். தைலம் இட்டுத் தடவுவதும், கட்டுப் போடுவதும், பத்தியம் சொல்வதும் அவர் பொறுப்பு. தலைமுறை தலைமுறையாக இந்த முறைக்குப் பழகிய நாம், யோக சிகிச்சையாளரிடம் போகும்போதும் உடம்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் பல ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவரும் நான் மிகுதியாகக் கண்ட ஏமாற்றம் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கிறது. யோக சிகிச்சையில் செய்பவர் நோயாளி. சிகிச்சையாளர் அவருடைய உடல்நிலைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் பொருந்தும் பயிற்சியை வகுத்து, கற்றுக்கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றிக்கொண்டே வருபவர்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சிலேயே கழியும். வலி எப்போது கூடுகிறது, எப்படி உட்கார்ந்தால் குறைகிறது, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், என்ன தொழில், முன்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று ஒரு மணி நேரம் வரைகூடக் கேள்விகள் நீளலாம். பிறகு நீங்கள் நிற்பதையும், நாற்காலியிலிருந்து எழுவதையும், குனிவதையும், மூச்சு விடும்போது நெஞ்சு அசைகிறதா வயிறு அசைகிறதா என்பதையும் அவர் கவனிப்பார். இரத்த அழுத்தம் பார்ப்பார். அன்றைக்குக் கற்றுத் தருவது நான்கைந்து எளிய அசைவுகளாகவே இருக்கக்கூடும். ‘ஒரு ஆசனம்கூடச் சொல்லித் தரவில்லையே’ என்று வருந்தி, அடுத்த முறை வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரக் கேள்விகள்தாம் சிகிச்சையின் அடித்தளம் என்பதால், மருத்துவச் சீட்டுகளையும், ஸ்கேன் அறிக்கைகளையும், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையின் பெயர் நினைவில்லாமல் ‘வெள்ளையாகச் சிறிதாக இருக்கும்’ என்று சொல்வதால் எவருக்கும் பயனில்லை.

தொழிலைப் பற்றிய கேள்வியை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதை நான் என் பிழையிலிருந்தே கற்றேன். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் இடுப்பு வலியுடன் வந்தார். வழக்கப்படி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் செய்யுமாறு எழுதிக் கொடுத்தேன். அவரோ விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பவர். நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொன்றிலும் குனிந்தும் உடலை ஒரே பக்கமாகத் திருப்பியும் கத்தியை இழுப்பவர். நான் சொன்ன நேரம் அவருக்கு இல்லவே இல்லை. மரியாதை கருதி அவர் மறுப்புச் சொல்லவில்லை. மூன்று வாரம் எதையும் செய்யாமல், ‘செய்கிறேன், குறையவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பால் எடுத்து முடித்து வீடு திரும்பியபின், மதிய உணவுக்கு முன் 15 நிமிடம் என்று மாற்றிய பிறகே பயிற்சி உண்மையில் தொடங்கியது. சொன்ன நேரமோ முறையோ உங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவராதபோது அதை வாய்திறந்து சொல்லாமல் இருப்பது, நான் பார்த்தவற்றில் மிக அதிகமாக நிகழும் தவறு. ‘செய்யவில்லை’ என்று சொல்வதில் எந்த அவமரியாதையும் இல்லை. செய்ததாகச் சொல்லிவிட்டால், பயிற்சி பலன் தரவில்லை என்று தவறாக முடிவுகட்டி, இன்னும் கடினமான பயிற்சியைக் கொடுக்கும் நிலைக்குச் சிகிச்சையாளர் தள்ளப்படுவார்.

இதைவிட ஆபத்தானது, தொடர்பில்லை என்று கருதிச் சிலவற்றை மறைப்பது. இடுப்பு வலிக்கு வந்தவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை ஏன் சொல்ல வேண்டும் என்று நினைப்பார். அந்தச் சொட்டு மருந்து கண் நீர் அழுத்த நோய்க்கானதாக இருந்தால், தலை கீழாக இருக்கும் ஆசனங்கள் கண்ணின் அழுத்தத்தை வெகுவாகக் கூட்டிவிடும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு, அண்மையில் வயிற்றில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை உள்ளவர்கள் கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். எலும்பின் அடர்த்தி குறைந்த முதியவர்கள் வலிந்து முன்னால் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்க வாய்ப்புண்டு. கர்ப்பம் உறுதியாகாமல் சந்தேகமாக மட்டுமே இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது. ஆசானிடம் தடவல் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒருவரிடம் போவதை மற்றவருக்குத் தெரியாமல் மறைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அதனால் கெடுவது நம் உடம்புதான். தடவிய அன்று நோவு இருக்கும் தசையை அன்றே இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டாம் என்று சொல்ல யோக சிகிச்சையாளருக்கு வாய்ப்புக் கிடைக்கட்டும்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘யோகா தொடங்கிவிட்டேன், இனி மாத்திரை எதற்கு’ என்று தாமே நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோளில் தாங்கிக் கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனம் செய்தால் தைராய்டு மாத்திரையை விட்டுவிடலாம் என்பது பலரும் நம்பும் தவறான செய்தி. சுரப்பி போதிய அளவு சுரக்காதவருக்கு அந்த மாத்திரை இல்லாத குறையை எந்த ஆசனமும் ஈடுசெய்யாது. வலிப்பு மாத்திரையையும் சிலவகை இதய மாத்திரைகளையும் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பயிற்சியால் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ குறைந்திருந்தால், அந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பது அவர் முடிவு. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துபோகலாம். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொள்ளச் சிறிது சீனி பக்கத்தில் இருக்கட்டும்.

சில அறிகுறிகளுடன் யோக சிகிச்சையாளரிடம் வரவே கூடாது. இடுப்பு வலியுடன் சிறுநீர் அல்லது மலத்தின் மேல் கட்டுப்பாடு போதல், தொடைகளுக்கிடையே மரத்துப்போதல், கால் வலுவிழந்து இழுபடுதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு வலிக்கும், திடீரென வாய் கோணிப் பேச்சுக் குழறுவதற்கும் இதுவே விதி. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது, ‘நாளைக்கு மூச்சுப் பயிற்சி செய்து பார்ப்போம்’ என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

யோக வகுப்பையும் யோக சிகிச்சையையும் ஒன்றாகக் கருதுவதும் குழப்பம் தருகிறது. யோகமும் கற்பிக்கும் விவேகானந்த கேந்திரம் என்ற அமைப்பு 1972-இல் கன்னியாகுமரியில் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. யோகப் பயிற்சி நமக்குப் புதிதன்று. 2015 முதல் ஆண்டுதோறும் சர்வதேச யோகா தினமான ஜூன் 21 அன்று பள்ளி மைதானங்களில் நூறு பேர் ஒன்றாகச் செய்வதையும் பார்க்கிறோம். நலமாக இருப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் நூறு பேருக்கும் ஒரே வரிசை என்பது வகுப்பின் இயல்பு. உங்கள் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருப்பது முன்னால் நின்று சொல்லித் தருபவருக்குத் தெரியாது. அதேபோல, உங்களுக்காக எழுதித் தந்த தாளை, ‘அக்காளுக்கும் கால்முட்டு வலிதானே’ என்று மற்றவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். வலி ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம்.

சிகிச்சையாளரின் தகுதியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு, பயிற்சி மருத்துவக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதை முடித்தவர் மருத்துவர். மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றளிப்பு வாரியம், சொல்லித் தருபவருக்கும் சிகிச்சை அளிப்பவருக்கும் தனித்தனியே சான்று வழங்குகிறது. கட்டணத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உடலைத் தொட்டுத் திருத்தும் முன் அவர் உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும். பெண்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதை நல்ல சிகிச்சையாளர் எவரும் தடுக்கமாட்டார். நோய் அடியோடு போய்விடும் என்று முதல் நாளே உறுதி தருபவரை நம்பாதீர்கள்.

அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலையில் பல ஆண்டுகள் தரையில் அமர்ந்து முந்திரி உடைத்த ஓர் அம்மாவுக்கு நாற்காலிப் பயிற்சி கொடுத்தபோது, ‘எனக்குச் சம்மணம் போட்டு உட்கார முடியாததால்தான் இதைத் தருகிறீர்களா’ என்று அவர் கண்கலங்கிக் கேட்டார். பத்மாசனத்தில் உட்காருவதே யோகம் என்று படங்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. தேய்ந்த முழங்காலை மடக்கி வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்வதால் அந்த அம்மாவுக்கு நன்மை ஒன்றும் வராது. நாற்காலியில் இருந்தபடி கையை மூச்சோடு சேர்த்து உயர்த்தி இறக்குவதும், காலை மெதுவாக நீட்டி மடக்குவதும் அவருக்குரிய முழுமையான பயிற்சிதான். செய்யும்போது கூர்மையாகக் குத்தினாலோ, மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட வலி மிகுந்திருந்தாலோ அந்த அசைவை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். மூக்கைக் கழுவும் நேத்தியைக் கற்றுக்கொள்கிறவர்கள் கொதிக்கவைத்து ஆறிய நீரை மட்டும் பயன்படுத்த வேண்டும். குளத்து நீரும் கிணற்று நீரும் நேரடியாக மூக்கில் ஏறக் கூடாது. அதில் இருக்கக்கூடிய அமீபா மூளை வரை செல்லும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செய்வதைவிட நாள்தோறும் 15 நிமிடம் செய்வதே பலன் தரும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் போகும்போது, எந்தெந்த நாள் செய்தீர்கள், தூக்கம் எப்படி, வலி எந்த வேளையில் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். சற்றுக் குறைந்ததும் போவதை நிறுத்திவிடுகிறவர்கள், வலி குறைவதற்காகக் கொடுத்த மென்மையான பயிற்சியையே மாதக்கணக்கில் செய்துகொண்டிருப்பார்கள். தசைக்கு வலுவேற்றும் அடுத்த கட்டம் அவர்களுக்குக் கிடைக்காமலே போகும். அந்தப் பால் வெட்டும் தொழிலாளி, மரங்கள் இலையுதிர்த்து வெட்டு நின்றிருந்த வாரங்களில் தாமாகவே வந்து, ‘இப்போது காலையில் எனக்கு நேரம் இருக்கிறது, என்ன சேர்க்கலாம்’ என்று கேட்டார். அன்று அவருக்கு முதுகை வலுப்படுத்தும் இரண்டு ஆசனங்களைப் புதிதாகச் சேர்த்தோம்.