உணவு அலர்ஜி உள்ளவர்கள் ஆன்லைனில் மளிகை வாங்குவது எப்படி

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டுக் கூடையில் போடலாம். ஆன்லைனில் காசு கட்டிய பிறகுதான் பாக்கெட் கைக்கே வருகிறது. திரையில் தெரிவது எப்போதோ எடுத்த படமும் யாரோ தட்டச்சு செய்த பட்டியலும்தான். தயாரிப்பாளர் சேர்மானத்தை மாற்றிய பின்னும் அந்தப் பக்கம் பழையபடியே கிடக்கலாம். ஆகவே ஆர்டர் போடும் முன் ஒரு முறை, பொருள் வந்த பின் ஒரு முறை என்று இரண்டு தடவை படியுங்கள். இரண்டும் முரண்பட்டால் பாக்கெட்டில் உள்ளதே கணக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால், ‘பொருள் இல்லாவிட்டால் மாற்றுப்பொருள் அனுப்பவும்’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். ஓட்ஸ் பால் தீர்ந்துபோனால் பாதாம் பால் வைத்து அனுப்புவது, எடுத்து வைப்பவருக்கு நியாயமான மாற்றாகத்தான் தோன்றும். சில ஆப்களில் இதைப் பொருளுக்குப் பொருள் தனியாக அணைக்க வேண்டும். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடலில் வரும் ‘பால் இல்லாதது’, ‘குளூட்டன் இல்லாதது’ போன்ற ஃபில்டர்கள் பட்டியலைச் சுருக்க உதவும், அவ்வளவே. பின்னாலிருக்கும் குறிச்சொல்லைத் தவறாகப் போட்டிருந்தால் முடிவும் தவறு. பால் அலர்ஜி உள்ளவர்கள் அடிக்கடி ஏமாறுவது ‘லாக்டோஸ் இல்லாதது’ என்ற வார்த்தையில்: அதில் பால் சர்க்கரைதான் இல்லை, அலர்ஜியைக் கிளப்பும் புரதம் அப்படியே இருக்கிறது. ‘வீகன்’ என்றாலும் பால் பொருள் ஓடும் அதே இயந்திரத்தில் தயாரானதாக இருக்கலாம்.

பட்டியலில் மாறுபெயர்களையும் தேடுங்கள். கேசீன், கேசினேட், வே (whey) எல்லாம் பால். அல்புமினும் லைசோசைமும் (லேபிளில் இ1105 என்ற சேர்க்கைப்பொருள் எண்) பொதுவாக முட்டையிலிருந்து வருபவை. லெசித்தின் (இ322) சோயா, முட்டை, சூரியகாந்தி ஆகியவற்றில் எதிலிருந்தும் வரலாம். மூலம் சொல்லப்படாவிட்டால் விட்டுவிடுங்கள். தஹினி எள். மால்ட் பெரும்பாலும் பார்லி.

வெளிநாட்டுப் பொருள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 அலர்ஜிப் பொருட்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்; ஆன்லைன் விற்பனையில் அந்தத் தகவல் வாங்கும் முன்பே கிடைக்க வேண்டும் என்பதும் சட்டம். அமெரிக்கப் பட்டியலில் 9 மட்டுமே, எள் அதில் சேர்ந்தது 2023 ஜனவரி 1 முதல்தான். கடுகு, செலரி, லூபின் (ஒரு பயறு வகை) ஐரோப்பியப் பட்டியலில் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் இல்லை. அங்கே ‘மசாலாப் பொருட்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கடுகு ஒளிந்திருக்கலாம். வேர்க்கடலை அலர்ஜி உள்ள சிலருக்கு லூபினும் ஒத்துக்கொள்ளாது.

‘இருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை பல நாடுகளில் தயாரிப்பாளர் விருப்பப்பட்டுப் போடுவது. அது இல்லாததை வைத்துப் பாதுகாப்பானது என்று முடிவு கட்ட முடியாது. கடும் அலர்ஜி என்றால் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்: இன்ன பொருள் அதே இயந்திரத்தில் ஓடுகிறதா, இடையில் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், பரிசோதிக்கிறீர்களா? ‘எங்கள் பொருட்கள் தரமானவை’ என்று மட்டும் பதில் வந்தால் அது பதிலே அல்ல.

ஒரே பிராண்டின் சிறிய பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் வெவ்வேறு ஆலையில் தயாராகலாம். ஒன்று ஒத்துக்கொண்டது என்று மற்றதைப் படிக்காமல் வாங்காதீர்கள். ‘மீண்டும் ஆர்டர் செய்’ பொத்தானும் இப்படித்தான் காலை வாரும். பின்பக்க லேபிளின் படம் போடாத விற்பனையாளரையும், மொத்தமாக வாங்கித் தானே பொட்டலம் கட்டி விற்பவரையும் தவிர்ப்பது நல்லது. ஒரே கரண்டியால் முந்திரியும் திராட்சையும் அள்ளியிருக்கலாம்.

பொருள் வந்ததும் அலமாரியில் அடுக்கும் முன் படியுங்கள். மாவு, பருப்பு பாக்கெட் ஏதாவது கிழிந்து சிந்தியிருந்தால், அதோடு வந்த திறந்த பழங்களையும் சந்தேகிக்க வேண்டும். டப்பாவில் கொட்டினால் லேபிளை வெட்டி அதிலேயே ஒட்டுங்கள். பேட்ச் எண் தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் உங்களிடம் இருப்பது அதே தொகுதியா என்று அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும்.