குற்றால சீசனுக்கு ஆள் வருகிறார்களா? சின்ன வீட்டில் எல்லாரையும் வைத்துக்கொள்வது எப்படி

ஜூன் பிறந்து மேற்கே மலை கறுத்துச் சாரல் விழ ஆரம்பித்ததுமே செங்கோட்டை, தென்காசி, இலஞ்சி, மேலகரம் பக்கம் வீடு இருக்கிற எல்லாருக்கும் போன் வரத் தொடங்கிவிடும். "அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்டாலே வரப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம். வரட்டும். நம் ஊர் வீடுகளில் பாதி, முன்னால் ஒரு தார்சா (முன்கூடம்), நடுவில் ஒரு அறை, அதற்குப் பின்னால் அடுக்களை, புறவாசலில் ஒற்றைக் குளியலறை என்று ரயில்பெட்டி மாதிரி நீளமாக ஒடுங்கித்தான் இருக்கிறது. அதில் நாலு பேர் குடியிருக்கும்போது இன்னும் ஆறு பேரை வைத்துக்கொள்வது நடக்கிற காரியம்தான். படுக்க இடம் எப்படியும் கிடைத்துவிடும். முட்டுவதெல்லாம் காலை ஆறரைக்குக் குளியலறை வாசலிலும், ஈரத்துணி தொங்கும் கொடியிலும், அடுப்பு முன்னாலும்தான். ஆகவே இடத்தை நினைத்துக் கவலைப்படாமல், எதை எப்போது யார் செய்வது என்று நேரத்தைப் பிரித்து வையுங்கள்.

முதல் வேலை போனிலேயே இருக்கிறது. வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு அப்புறம் வீட்டுக்குள் முணுமுணுப்பது யாருக்கும் நல்லதில்லை. "அத்தை, தாராளமா வாங்க. பாத்ரூம் ஒண்ணுதான், ஆறு பேருக்குப் படுக்க இடம் இருக்கு. சனி ஞாயிறு சித்தப்பா வீட்டு ஆளுங்க வர்றாங்க, நீங்க புதன்கிழமை வந்தா ஆசை தீரக் குளிக்கலாம், அருவியிலயும் கூட்டம் இருக்காது" என்று உள்ளதைச் சொன்னால் எந்த அத்தையும் கோபித்துக்கொள்ள மாட்டாள். எத்தனை பேர், எந்த ரயில், எப்போது திரும்புகிறார்கள், முட்டி வலிக்காரர் யாராவது உண்டா, இந்த நாலையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் தேதியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கேளுங்கள், "டிக்கெட் எடுத்தாச்சா, நான் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் போதும், பதில் தானாக வந்துவிடும்.

படுக்கைக் கணக்கு சுலபம். ஒரு ஆளுக்குத் தரையில் இரண்டடி அகலம், ஆறடி நீளம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பன்னிரண்டடிச் சுவரில் தலைவைத்து வரிசையாகப் படுத்தால் ஆறு பேர் படுக்கலாம், கால்மாட்டில் நடந்து போகவும் வழி இருக்கும். கட்டில் இருந்தால் அதை எடுத்துத் தார்சாவில் போட்டுப் பெரியவர்களுக்குக் கொடுங்கள், அறை காலியாகும். மழைக்காலத்தில் தரை சில்லென்று இருக்கும், வெறும் பாய் பத்தாது, கோரைப்பாய்க்கு மேலே கனமான ஜமுக்காளம் ஒன்று விரித்தால் முதுகு பிடிக்காது. தலையணைக்குப் பழைய உறையைப் போட்டு வையுங்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்த தலையில் எவ்வளவு துவட்டினாலும் எண்ணெய் மிச்சம் இருக்கும், நல்ல உறை ஒரே ராத்திரியில் கறையாகிவிடும். ராத்திரி எழுந்திருக்கிற வயதானவரைப் புறவாசல் கதவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து ஒரு சின்ன நைட் லாம்ப் போட்டுவிட்டால், அவர் இருட்டில் ஆறு பேரை மிதித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கைக்குழந்தைக்காரிக்கும் துணி மாற்றுகிற பெண்களுக்கும் அடுக்களையை ஒட்டிக் குறுக்கே ஒரு கயிறு கட்டிப் பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் இந்தத் திரை இல்லாத வீட்டில் மதினிமார் எல்லாரும் குளியலறைக்குள் போய்த்தான் சேலை கட்டுவார்கள், வெளியே வரிசை நீளும்.

குளியலறைக்கு ஒரே வைத்தியம்தான்: வந்தவர்களின் காலைக் குளியலை அருவிக்கு அனுப்பிவிடுவது. சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் காலையில் வந்து இறங்குகிறவர்களைக் காபி கொடுத்து, கால்முகம் கழுவ மட்டும் விட்டு, நேராக ஐந்தருவிக்கோ பேரருவிக்கோ கிளப்பிவிடுங்கள். அவர்கள் வந்ததும் அதற்குத்தானே! மறுநாள் முதல் விடியற்காலை ஐந்து மணிக்கே போகச் சொல்லுங்கள், கூட்டம் வருவதற்குள் குளித்துவிட்டு வரலாம். சோப்பும் ஷாம்பும் அருவியில் போடக் கூடாது, தடை இருக்கிறது, தடை இல்லாவிட்டாலும் கீழே குளங்களுக்குப் போகிற தண்ணீர் அது. சோப்புப் போட்டே ஆகவேண்டும் என்கிறவர்கள் மத்தியானம் வீட்டில் குளிக்கட்டும், அப்போது குளியலறை சும்மாதான் கிடக்கும். காலை ஆறிலிருந்து எட்டுவரை வீட்டுக் குளியலறை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது லீவு, நம் பிள்ளைகளுக்கு ஜூன், ஜூலை பள்ளி நடக்கிற மாதம். வருகிறவர்கள் யாரும் இதை வேண்டுமென்று மறப்பதில்லை, சொன்னால் தெரிந்துகொள்வார்கள். அதே மாதிரி பிள்ளை படிக்க ஒரு மூலையை, அது அடுக்களைத் திட்டின் ஓரமாக இருந்தாலும் சரி, யாரும் பை வைக்காத இடமாக விட்டு வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். வாளிக் குளியலுக்கு ஆளுக்கு முப்பது லிட்டர் ஆகும், கழிப்பறைக்கு ஒரு தரத்துக்கு ஆறிலிருந்து பத்து லிட்டர். பத்துப் பேரும் வீட்டிலேயே குளித்தால் 500 லிட்டர் தொட்டி காலை எட்டு மணிக்குக் காலி. ஆடிக் காற்றில் மரம் முறிந்து கரண்ட் போவது நம் பக்கம் சகஜம், மோட்டாரை நம்பிக் காலையில் நிற்காமல் ராத்திரியே தொட்டியை நிரப்பி, இரண்டு குடமும் ஒரு டிரம்மும் பிடித்து வைத்துவிட்டுப் படுங்கள்.

இனி ஈரத்துணி. உண்மையான கஷ்டம் இதுதான், இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆறு பேர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அருவிக்குப் போனால் துண்டு, கைலி, நைட்டி, டவுசர் என்று இருபதுக்குக் குறையாமல் ஈரத்துணி வீட்டுக்குள் வரும், வெளியே சாரல் நிற்காது, மொட்டைமாடியில் போட்டால் இன்னும் நனையும். இரண்டாம் நாள் வீடே பூஞ்சை வாடை அடிக்கும். எனவே போனிலேயே டர்க்கி டவல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கனமான அந்த டவல் சாரல் நேரத்தில் மூன்று நாளானாலும் காயாது. மெல்லிய பருத்தித் துண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளக் கடைகளில் தோர்த்து என்று விற்பார்களே அது, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். பத்துத் துண்டு வாங்கி வீட்டிலேயே வைத்திருந்தால் வருஷா வருஷம் உதவும். அருவிக்கென்று ஒரே ஒரு பழைய உடுப்பு ஆளுக்கு ஒன்று ஒதுக்கச் சொல்லுங்கள். காலையில் நனைந்ததையே மாலையிலும் போட்டுக்கொண்டு போகலாம், எப்படியும் நனையத்தானே போகிறது.

அருவியிலேயே நன்றாகப் பிழிந்து எடுத்து வரவேண்டும், பிளாஸ்டிக் பையில் கட்டி அப்படியே மூலையில் போட்டால் ராத்திரிக்குள் நாறிவிடும். வாஷிங் மெஷின் இருக்கிற வீட்டில் துவைக்காவிட்டாலும் டிரையரில் மட்டும் ஐந்து நிமிடம் சுற்றி எடுத்தால் பாதி ஈரம் போய்விடும். கொடியைச் சுவரோரம் கட்டாதீர்கள், ஃபேனுக்கு நேர் கீழே, ஆள் தலையில் இடிக்காத உயரத்தில் இரண்டு வரிசை கட்டி, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். எல்லாரும் அருவிக்குப் போயிருக்கும் நேரத்தில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிட்டால் அந்த இரண்டு மணி நேரத்திலேயே பாதித் துணி காய்ந்திருக்கும். மத்தியானம் சற்று வெயில் முகம் காட்டினால் முதலில் வெளியே போகவேண்டியது போர்வையும் பாயும்தான், துணி அப்புறம். நடை வாசலில் ஒரு கோணிச்சாக்கும், அதன் பக்கத்தில் குடைக்கு ஒரு பழைய வாளியும் இருக்கட்டும். செருப்பு வாசலோடு நிற்கவேண்டும்.

சாப்பாட்டில் நம் ஆட்கள் உயிரை விட்டுவிடுவார்கள். வந்திருக்கிறார்களே என்று காலையில் இட்லி, பூரி, பொங்கல், மத்தியானம் சொதி, ராத்திரி சப்பாத்தி என்று ஓடினால் இரண்டாம் நாளே இடுப்பு விட்டுப்போகும், அந்த வீட்டுப் பெண் அருவியையே பார்க்காமல் சீசன் முடிந்துவிடும். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காலைக்கு இட்லி, ஒரு சட்னி, மிளகாய்ப்பொடி போதும், தினமும் அதேதான் என்றாலும் அருவியில் குளித்து வந்த பசிக்கு யாரும் குறை சொல்வதில்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கிலோ அரிசி போட்டு ஆட்டினால் ஐம்பது இட்லிக்குக் குறையாது, ஆனால் சாரல் குளிரில் மாவு புளிக்க நேரமாகும், சாயங்காலம் நாலு மணிக்கே ஆட்டி அடுப்புப் பக்கம் வையுங்கள். மத்தியானத்துக்கு ஒரே பானையில் முடிகிற கூட்டாஞ்சோறும் அப்பளமும். சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் ஒரு நாள் மட்டும், அதுவும் தேங்காய் துருவவும் சின்ன வெங்காயம் உரிக்கவும் வந்தவர்களையே உட்கார வைத்துத்தான். வேலை கொடுத்தால் விருந்தாளிக்குச் சங்கடம் என்பது தப்பான எண்ணம், சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குச் சங்கடம். ஒரு ராத்திரி செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் என்று முதலிலேயே திட்டமாக வைத்துவிடுங்கள், வெளியூர்க்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள், அடுப்புக்கும் லீவு. சுக்குக் காபியைப் பெரிய பிளாஸ்க் நிறையப் போட்டுத் தார்சாவில் வைத்துவிட்டால் மணிக்கொரு தரம் அடுக்களைக்குள் டம்ளரோடு யாரும் வரமாட்டார்கள்.

வீட்டுப் பெண் அருவிக்குப் போகிற நேரத்தையும் இப்படியே குறித்து வையுங்கள். விருந்தாளிகள் ஒரு வேளை தாங்களே பரிமாறிச் சாப்பிடட்டும், பாத்திரம் கழுவட்டும், அவள் போய் ஒரு மணி நேரம் நிதானமாகக் குளித்துவிட்டு வரட்டும்.

நாள் முழுக்கப் பத்துப் பேர் ஒரே அறையில் இருந்தால் எவ்வளவு பாசமான சொந்தமும் கசக்கும். ஒரு பகலுக்காவது வீட்டைக் காலி செய்ய வழி தேடுங்கள். கொல்லம் போகிற ரயிலில் ஏற்றிப் புனலூர் வரை அனுப்பலாம், மலைக்குகைகளும் பதிமூன்று கண் பாலமும் தாண்டிப் போகிற பாதை, பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரமாட்டார்கள், புனலூரில் 1877-ல் கட்டி முடித்த தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பண்பொழித் திருமலைக் கோயில், குண்டாறு அணை இரண்டும் பக்கத்திலேயே. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அன்றைக்கு என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைத்திருங்கள். தடை போட்ட அன்று "இவ்வளவு தூரம் வந்துட்டோமே, ஓரமா நின்னு குளிக்கலாமே" என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் அடித்துப்போகப்பட்டு இறந்தான். மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. வெளியூர் ஆளுக்கு இதைச் சொல்லவேண்டியது வீட்டுக்காரர்தான்.

செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர், அதனால் நம்மில் நிறையப் பேருக்குப் புனலூர், கொல்லம் பக்கமும் சொந்தம் உண்டு. ஓண லீவுக்கு அவர்கள் வரும்போது பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம், கொதிக்க வைத்த சீரகத் தண்ணீர் ஒரு பானை, ஒரு வேளைக்கு மட்டையரிசிச் சோறு, காலையில் புட்டும் கடலையும் இருந்தால் அவர்களுக்கு நிறைந்துவிடும். கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார் வந்தால் இன்னும் சுலபம், பாயில்தான் படுப்பார்கள், விடியுமுன்பே குளித்துவிடுவார்கள். அவர்கள் இருக்கிற நாளில் வீட்டில் அசைவம் இல்லை என்பதை மட்டும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

கிளம்புகிற நாள் பரபரப்பாக இருக்கும். சாயங்கால ரயில் என்றால் அன்று அருவிக்குக் காலையோடு சரி, மத்தியானம் குளித்தால் ஈரத்துணியைப் பையில் அடைத்துக்கொண்டுதான் ஊர் போகவேண்டும். ராத்திரிக்குப் பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக் கொடுங்கள், கெடாது, ரயிலில் சிந்தாது. போர்வை, பாய் எடுத்துச் சுருட்டுவதை அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஆளுக்கொன்றாகச் செய்துவிடுவார்கள். கதவு மூலை, கொடி, குளியலறை ஆணி மூன்றையும் ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்புங்கள், யாருடைய கைலியாவது நிச்சயம் தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் தலையணை உறைகளை வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டு, அடுத்து யார் எந்த ரயிலில் வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.