இளஞ்சிவப்புப் புளியாரையை அடையாளம் காண மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

நீலகிரியில் கேரட்டோ உருளைக்கிழங்கோ போட்ட தோட்டத்தில் மும்மூன்று இலைகளாகச் சிறு செடி மண்டிக் கிடந்தால், புளியாரை என்று சொல்லிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். புளியாரை துவையலுக்கு ஆகும் கீரை. அதனால் யாருக்கும் அதன் மேல் பகையில்லை. ஆனால் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த ஆக்சாலிஸ் லாட்டிஃபோலியா, ஆக்சாலிஸ் டெபிலிஸ் ஆகிய இரண்டு இளஞ்சிவப்புப் புளியாரைகளும் அதே ஆக்சாலிஸ் பேரினத்தைச் சேர்ந்தவையானாலும், குணத்தில் முற்றிலும் வேறானவை.

முதலில், இதேபோல் மூன்று சிற்றிலைகள் கொண்ட தீவனச் செடியான குளோவரை விலக்கிவிடலாம். அதன் சிற்றிலைகள் முட்டை வடிவில், நுண்ணிய பல் விளிம்போடு, நடுவில் வெளிறிய பிறைக்குறியுடன் இருக்கும், மென்றால் புளிக்காது. ஆக்சாலிஸின் இலை நுனி பிளவுபட்டிருக்கும், நாக்கில் புளிக்கும், மாலை மங்கியதும் மடக்கிய குடைபோல் கீழே தொங்கும். நான்கு சிற்றிலைகளோடு நீரோரத்தில் வளர்வது ஆரைக்கீரை; இங்கே அதற்கு வேலையில்லை.

புளியாரைக்கு மஞ்சள் பூ. தண்டு தரையில் படர்ந்து கணுக்களில் வேர்விடும். அயல் செடிகளுக்கோ தரைக்கு மேல் தண்டே கிடையாது. இலைக்காம்புகளும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூங்கொத்தும் மண்ணிலிருந்து நேராக எழும். லாட்டிஃபோலியாவின் சிற்றிலை மீன்வால்போல் அகன்ற முக்கோணம். டெபிலிஸுடையது உருண்டு, குறுகிய பிளவோடு இருக்கும். பூக்காத பருவத்தில் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. இளஞ்செடிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே களைக்கொத்தால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பெயர்த்து, கட்டியைக் கையில் வைத்து மெல்ல உதிர்க்க வேண்டும். சின்ன வெங்காயத்தை இன்னும் சுருக்கியதுபோல் பழுப்புச் செதில் மூடிய குமிழ் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. சில செடிகளில் அதன் அடியில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குட்டி முள்ளங்கி போன்ற வேர் ஒன்றும் தொங்கும். தாய்க்குமிழிலிருந்து வெள்ளை நூல்கள் நீண்டு அவற்றின் நுனியில் குட்டிக் குமிழ்கள் இருந்தால் லாட்டிஃபோலியா. தாயைச் சுற்றி நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, தொட்டதும் உதிர்ந்தால் டெபிலிஸ்.

ஆபத்து முழுவதும் அந்த உதிர்தலில்தான் இருக்கிறது. இவை நம் நாட்டில் பெரும்பாலும் விதையால் அல்ல, குமிழால்தான் பெருகுகின்றன. ஆகவே நாம் கொத்தும் ஒவ்வொரு கொத்தும், இழுக்கும் ஒவ்வொரு செடியும் குட்டிகளைத் தோட்டமெங்கும் விதைக்கிறது. அடுக்குப்பாத்திகளில் மழைநீரோடு கரையும் மண்ணும் அவற்றைக் கீழ்ப்பாத்திக்கும் ஓடைக்கரைக்கும் கொண்டுசெல்லும். சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் விழுங்கிவரும் சீகை (வாட்டில்) மரத்தோடு இதை ஒப்பிடுவது மிகை. என்றாலும் மண் கிளறப்பட்ட பாதையோரத்திலும் ஈரக்கரையிலும் இது கம்பளமாக மூடிவிட்டால், அங்கே முளைக்க வேண்டிய காட்டுக் காசித்தும்பை போன்ற சிறு செடிகளுக்கு ஒளியும் இடமும் கிடைப்பதில்லை.

குட்டிக் குமிழ்கள் உருவாகும் முன், பழைய குமிழ் தன் சேமிப்பைச் செலவழித்துவிட்ட இளம்பருவத்தில் எடுப்பதே பலன் தரும். செடியை இழுக்காமல் மண்ணோடு பெயர்த்துச் சல்லடையில் சலித்து, குமிழ்களை வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட்டால் அடுத்த பருவத்தில் எருவோடு தோட்டத்துக்கே திரும்பிவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை கருகியதைக் கண்டு ஒழிந்ததென எண்ண வேண்டாம். குமிழ் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. நாற்றுப்பண்ணையில் வாங்கிய செடியைச் சோலையோர நிலத்தில் நடும் முன், பையைக் கிழித்து வேர்மண்ணை ஒருமுறை விரலால் துழாவிப் பாருங்கள்.