டொராண்டோ குளிர்ல வீட்டுக்குள்ளயே நாத்து விடுறது எப்படி

டொராண்டோ பக்கம் மே மாசம் விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் வரைக்கும் செடிய கருக்குற உறைபனி பயம் இருக்கும், அதனால மிளகாய், கத்திரிய மார்ச் நடுவுலயே வீட்டுக்குள்ள விதைச்சிடுங்க, தக்காளிக்கு ஏப்ரல் தொடக்கம் போதும்.

தோட்டத்து மண்ணு வேணாம். சீட் ஸ்டார்ட்டிங் மிக்ஸ் (விதை முளைக்க வைக்கிற கலவை) வாங்கி, கையில பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வர்ற அளவுக்கு நனைச்சு ட்ரேல நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்துல விதைய போட்டு ட்ரேக்கு மேல ஒரு மூடி போட்டு வைங்க. மிளகாய் நல்லா முளைக்க 25லேர்ந்து 30 டிகிரி சூடு வேணும், ஜன்னலோரம் வச்சா ராத்திரி குளிர்ல விதை அப்படியே கிடந்து அழுகிடும், ட்ரேக்கு அடியில வைக்கிற ஹீட் மேட்டுக்கு காசு செலவு பண்ணலாம், தப்பே இல்ல. பாகற்காய் விதைக்கு ஓடு கெட்டி, நகவெட்டியால முனைய லேசா நறுக்கி ராத்திரி பூரா ஊறப்போடுங்க, அத ஏப்ரல் கடைசில தனித்தனி கப்ல போடணும், வேர அசைச்சா அதுக்கு ஆகாது.

முளை தலை காட்டினதும் மூடிய எடுத்துடுங்க, எல்இடி லைட்ட செடிக்கு கிட்டத்துல தொங்கவிட்டு தினமும் 14-16 மணி நேரம் எரிய விடுங்க, இல்லன்னா தண்டு நூலா நீண்டு சாஞ்சிடும். தண்ணிய மேலேர்ந்து ஊத்தாம, மண்ணு கீழேர்ந்து உறிஞ்சுற மாதிரி ட்ரேக்கு அடியில ஊத்துங்க, மேல ஈரம் நின்னுட்டே இருந்தா தண்டு மண்ணத் தொடுற இடத்துல கருத்து சுருங்கி ஒரே ராத்திரில நாத்தெல்லாம் படுத்துடும், பாக்கவே மனசு தாங்காது. மேல ஈரம் காய சின்ன ஃபேன் ஒண்ணு ஓடினா நல்லது.

நடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் வெளிய பழக்குங்க, முதல்ல நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயில். ராத்திரி 10 டிகிரிக்கு கீழ போகும்னா மிளகாயையும் கத்திரியையும் உள்ள எடுத்துடுங்க.