காசநோய்க் கிருமியின் புரத ஜோடிகளைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்37ஆர்வி என்ற ஆய்வக வகைக் காசநோய்க் கிருமியில் எந்தப் புரதம் எதோடு பிணையும் என்று கணிக்கும் கணினி மாடல் முதல் வாரத்திலேயே 98 சதவீதத் துல்லியம் காட்டினால் சந்தேகப்படுங்கள். நிரலில் வரும் சில்லறைப் பிழைகள் தாமாகவே கண்ணில் பட்டுவிடும். முதலில் சொல்லப்போகும் தவறு படாது. அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது.

ஜோடிகளைக் குலுக்கிப் பிரிப்பது

தெரிந்த ஜோடிகளைக் குலுக்கி 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் ஒதுக்குகிறார்கள். சோதனையில் வரும் ஜோடி புதிதுதான், ஆனால் அதிலுள்ள இரண்டு புரதங்களும் பழையவை. ஒரு புரதம் பயிற்சியில் 30 முறை ‘பிணையும்’ என்று வந்திருந்தால், அதைக் கண்டதுமே மாடல் ‘ஆம்’ என்றுவிடும். எதிரே நிற்பது யார் என்று பார்ப்பதே இல்லை.

ஈஎஸ்எக்ஸ் குடும்பத்தில் (இந்தக் கிருமி வெளியே சுரக்கும் சிறு புரதங்கள்) இது இன்னும் மோசம். ஐ, எல், என், ஓ, வி என்ற ஐந்தும் ஏறக்குறைய ஒரே புரதம், சில அமினோ அமிலங்களில்தான் வேறுபாடு. அவற்றின் துணைகளான ஜே, கே, எம், பி, டபிள்யூவும் அப்படியே. கே-எல் ஜோடி பயிற்சியிலும் ஓ-பி ஜோடி சோதனையிலும் விழுந்தால், வினாத்தாளை முந்தின நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதைதான்.

எல்லாப் புரதங்களையும் முதலில் சிடி-ஹிட் என்ற, ஒத்த வரிசைகளைக் குழுவாக்கும் நிரலில் 40 சதவீத ஒற்றுமைக்குக் குழுவாக்குங்கள். அதன் ‘சொல் நீளம்’ (ஒப்பிட எடுக்கும் துண்டில் எத்தனை எழுத்து) என்ற அமைப்பை 2 ஆக்க மறந்தால் அது பிழை காட்டி நின்றுவிடும். பிறகு குழுக்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரியுங்கள். ஆய்வாளர்கள் பார்க், மார்கோட் இருவரும் 2012-இல் காட்டியபடி, இரண்டு புரதமும் பழையவை, ஒன்று மட்டும் பழையது, இரண்டும் புதியவை என மூன்று மதிப்பெண்களைத் தனித்தனியே எழுதுங்கள். மூன்றாவதற்குத் தரவு வெகுவாகச் சுருங்கும். மாடலின் உண்மையான திறன் தெரிவது அங்கேதான்.

உடனே செய்து பார்க்க ஒரு சோதனை: ஈசாட்-6 (95 அமினோ அமிலம்), சிஎஃப்பி-10 (100 அமினோ அமிலம்) இரண்டும் பிணைவது உறுதியான ஜோடி. சிஎஃப்பி-10-இன் அமினோ அமில எழுத்துகளைக் கலைத்துப்போட்டு மீண்டும் கொடுங்கள். மதிப்பெண் அசையவில்லையென்றால், மாடல் துணையின் வரிசையைப் படிக்கவே இல்லை.

பிணையாத ஜோடிகளை 1:1 வைப்பது

4,000 புரதங்களில் சுமார் 80 லட்சம் ஜோடிகள். உண்மையில் பிணைபவை 8,000 என்று வைத்துக்கொள்வோம். பிணையாதவற்றில் 99 சதவீதத்தைச் சரியாக ஒதுக்கும் மாடல்கூட 80,000 பொய் ஜோடிகளை நீட்டும். அதை நம்பி ஆய்வகத்தில் ஒருவர் மாதக்கணக்கில் குளோனிங் செய்வார். சோதனைத் தொகுப்பிலாவது பிணையும் ஜோடி ஒன்றுக்குப் பிணையாதவை நூறு என 1:100 வையுங்கள். செல்லின் வெவ்வேறு இடங்களில் இருப்பவற்றையே பிணையாத ஜோடிகளாக எடுத்தால், மாடல் இடத்தைக் கற்குமே தவிர பிணைப்பைக் கற்காது.

ஸ்ட்ரிங் மதிப்பெண் 0.7-ஐப் பிணைப்பு என்று எடுப்பது

ஸ்ட்ரிங் என்ற புரதத் தரவுத்தளத்தில் அந்த மதிப்பெண் காட்டுவது செயல்தொடர்பு, அதாவது இரண்டு புரதங்களின் வேலைக்குள் தொடர்பு உண்டு என்பது மட்டுமே. நேரடிப் பிணைப்புக்குத் தனிப் பட்டியல் அங்கேயே இருக்கிறது.

ஈ.கோலை பாக்டீரியாவின் ஜோடிகளை அப்படியே கொண்டுவருவது

காசநோய்க் கிருமியின் பிஈ, பிபிஈ புரதக் குடும்பங்கள் ஈ.கோலையில் இல்லவே இல்லை.

ஆல்ஃபாஃபோல்டு படத்தில் மயங்குவது

ஆல்ஃபாஃபோல்டு புரதங்களின் வடிவத்தைக் கணித்துப் படமாகக் காட்டும் நிரல். அது தரும் ஐபிடிஎம் (இரண்டு புரதங்களும் சேரும் விதத்தை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண்) 0.6-க்குக் கீழே என்றால் படத்தைத் திறக்காதீர்கள்.

வெறும் பட்டியலை ஆய்வகத்துக்கு அனுப்புவது

பிஈ25, பிபிஈ41 புரதங்களைத் தனித்தனியே தயாரித்தால் ஒழுங்காக மடிவதில்லை. இரண்டையும் ஒரே செல்லில் சேர்த்து உருவாக்கித்தான் 2006-இல் அவற்றின் கட்டமைப்பைக் கண்டார்கள். இந்தக் குடும்ப ஜோடி பட்டியலில் இருந்தால் பக்கத்திலேயே ‘சேர்த்துத் தயாரிக்கவும்’ என்று எழுதி அனுப்புங்கள்.