புதன்கிழமை ஊசிக்குப் போகிறீர்களா? முறை வரும் கணக்கு இதுதான்

வேலூர் பக்கம் அணைக்கட்டோ கணியம்பாடியோ, கிராமத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள் புதன்கிழமை. துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கிராம சுகாதார நர்ஸ் உட்கார்ந்திருப்பார். முன்னால் வந்தவருக்கு முன்னால் என்பது அங்கே பாதிதான் செல்லும். மீதியை மருந்துக் குப்பி தீர்மானிக்கும்.

முதலில் நாளை எண்ணுங்கள். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை, மூன்றரை என்று நாம் சொல்வது தடுப்பூசி அட்டையில் 6, 10, 14 வாரம். அதாவது பிறந்த 42, 70, 98 நாட்கள். புதன் 40ஆம் நாளில் வந்தால் அடுத்த புதன்தான் உங்களுடையது. இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும். புதனில் போட்டிருந்தால் அதற்குப் பிறகு வரும் நான்காம் புதன் சரியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை போட்டிருந்தால் நான்காம் புதனுக்கு 26 நாள்தான் ஆகியிருக்கும். நிறைய பேர் அலைந்து திரும்புவது இந்த இரண்டு நாளில்தான். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு 9 மாதம் நிறைந்திருக்க வேண்டும்.

இனி குப்பி. ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டா, நிமோனியா தடுப்பு மருந்து இரண்டையும் திறந்த பிறகும், குளிர் கெடாமல் காத்தால், 28 நாள் வரை வைத்துப் போடலாம். காசநோய்த் தடுப்பு ஊசியான பிசிஜியும் தட்டம்மை-ரூபெல்லாவும் அப்படியல்ல. பொடியாக வரும், கரைத்துவிட்டால் 4 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டியாக வேண்டும். அதற்கு மேல் வைத்தால் கிருமி வளரும், குழந்தைக்கு ஆபத்து. அதனால் 9 மாதக் குழந்தைகளை ஒன்றாக உட்காரவைத்துக் குப்பியைத் திறப்பார்கள். உங்களுக்குப் பின்னால் வந்த ஒன்றரை மாதக் குழந்தை முன்னால் போனால் அது சிபாரிசு இல்லை. போனதுமே எந்த ஊசி என்று சொல்லி அட்டையைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஆள் சேரவில்லை என்று அடுத்த வாரம் வரச்சொன்னால் பணிவாகக் கேளுங்கள்: ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம். கரைத்த நேரம் குப்பி மேல் எழுதியிருக்கும், பார்க்கலாம், தப்பில்லை.

மருந்துப் பெட்டியை அடிக்கடி திறக்கச் சொல்லாதீர்கள். நான்கு ஐஸ் பேக்கை நம்பித்தான் உள்ளே 2 முதல் 8 டிகிரி நிற்கிறது. வெளியே வேலூர் வெயில்.

ஒன்றரை மாதத்தில் இரண்டு தொடையிலும் ஒவ்வொரு ஊசி, வலது மேல்கையில் தோலுக்குள் சின்ன ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்க வாயில் கொடுக்கும் ரோட்டா மருந்து. இறுக்கமான பேன்ட் போட்டுக் கொண்டுவந்தால் கழற்றவே நேரம் போகும். சட்டையும் தளர்ந்த ஜட்டியும் போதும். ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம், அழுகை அடங்கும். சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று முறையை விட்டுவிடாதீர்கள். கடும் காய்ச்சல் என்றால் மட்டும் நர்ஸிடம் கேட்டுத் தள்ளிப்போடுங்கள்.

ஊசி முடிந்தால் முறை முடிந்ததாக நினைத்து ஒடுகத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது பெரிய தப்பு. அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அபூர்வமாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும், அதற்கான மருந்தும் அங்கேதான் இருக்கும். அந்த இடைவெளியில் அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். பென்டாவுக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், தொடை வீக்கம் சகஜம். பாராசிட்டமால் எவ்வளவு என்று குழந்தையின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். தொடையைத் தேய்க்காதீர்கள், எதையும் பூசாதீர்கள்.

ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து போடத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பென்டாவை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா 5 வயது வரை போடலாம்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள் அங்கேயே ஊசி போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான். திரும்பும்போது அட்டையைப் பாட்டி வீட்டுப் பீரோவில் விட்டுவிட்டு வருவதுதான் வழக்கமான சிக்கல். இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக் கணவருக்கும் அனுப்பிவையுங்கள்.