ட்ராக் நாளுக்கு முதல் பிறேக்கை எப்படித் தயார் செய்வது: ஒயில் முதலில், பெரிய டிஸ்க் கடைசியில்

சொந்தக் காரில் ரேஸ் ட்ராக்கில் ஓடப்போகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பெரிய டிஸ்க் போடு, நாலு பிஸ்டன் காலிப்பர் போடு, துளை போட்ட டிஸ்க் போடு என்றுதான் முதலில் சொல்வார்கள். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. பாட் அதை இரண்டு பக்கமும் நெருக்கும் தேய்கட்டை. காலிப்பர் அந்தப் பாட்டைப் பிஸ்டனால் தள்ளும் கவ்வி.) நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் பெடலின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் பிறேக் ஒயில், பிறகு பாட், அதற்கும் பிறகு காசு மிஞ்சினால்தான் டிஸ்க்கும் காலிப்பரும். என்னுடைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காரில் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டி, களுத்துறைப் பக்கம் உள்ள கட்டுகுருந்த ட்ராக்கில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஜாக் போட, ஸ்ராண்ட் வைக்க, வீல் கழற்ற உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதென்றால் அதைப் பழகிவிட்டு வாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது.

ஏன் இந்த வரிசை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆளோடு சேர்த்து 1100 கிலோ வரும் காரை 140 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60க்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 680 கிலோ ஜூல் சக்தி வெப்பமாக மாறுகிறது. ஊருக்குள் 60இலிருந்து நிற்பாட்டினால் வருவது சுமார் 150தான். அந்த 680இல் எழுபது வீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ எடையுள்ள முன் டிஸ்க் ஒன்று ஒரே அழுத்தலில் ஏறக்குறைய 100 பாகை சூடேறும். ட்ராக்கில் அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அப்படியே சுற்றுச் சுற்றாக ஏறிக்கொண்டு போகும். ஊர் ரோட்டில் ‘அந்தமாதிரிப் பிடிக்குது’ என்று சொல்லும் பிறேக் ட்ராக்கில் சில சுற்றுகளிலேயே கைவிடுவது இதனால்தான். பிடிக்கிற பலம் போதாமல் இல்லை, சூடு போக வழியில்லை. பெரிய டிஸ்க் இரும்பு கூடியது, ஆகவே மெதுவாகச் சூடேறும், உண்மை. ஆனால் அந்தச் சூட்டைப் பழைய ஒயில் தாங்காமல் கொதித்து ஆவி வந்தால், ஆவி அமுங்குவதால், டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தும் பெடல் தரைக்குப் போகும்.

படி 1: ஒயில்

சாதாரண டோட் 4 (‘டோட்’ பிறேக் ஒயிலின் தரக்குறி) ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே தரத்துக்குக் கேட்கப்படுவது வெறும் 155 பாகைதான். டோட் 3 என்றால் 205, 140. நம்முடைய கடற்கரைக் காற்றில் மூடி திறந்து வைத்த போத்தலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கராஜ் மூலையில் பாதியாக நிற்கும் போத்தலை ஊற்ற வந்தால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் போடுவது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதில் 312 பாகை தாங்கும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் டோட் 3, டோட் 4 தான் எடுத்துத் தருவார்கள், இதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டிவரும். அது கிடைக்கவில்லை என்றால் சீல் உடைக்காத டோட் 5.1 போதும். டோட் 5 வேறு, 5.1 வேறு. டோட் 5 சிலிக்கோன் ஒயில், மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காருக்குச் சரிவராது. போத்தலில் உள்ள புள்ளியையும் ஒன்றையும் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

படி 2: பாட்

முழு ரேஸ் பாட் வாங்கவேண்டாம். நாங்கள் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இல்லை. ஏ9 வழியே கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர், அதற்கும் தெற்கே களுத்துறைப் பக்கம், பிறகு அதே வழியால் இரவில் திரும்பி வரவேண்டும். மாங்குளம் தாண்டி இருட்டில் நடு ரோட்டில் மாடு படுத்திருக்கும்போது, சூடேறினால்தான் பிடிப்பேன் என்று சொல்லும் பாட் உங்களுக்குத் தேவையில்லை. குளிரிலும் பிடித்து 500 பாகை அளவுக்கும் தாங்கும் நடுத்தர ரகம் வேண்டும். ஃபெரோடோ டிஎஸ்2500 அந்த ரகம், எனக்கு அது பிடிக்கும். கொஞ்சம் கீச்சிடும், றிம் கறுக்கும், பரவாயில்லை.

பாட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ட்ராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். மீதி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தத் தடிப்புத்தான் டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும் ஒயிலுக்கும் போகாமல் மறிக்கிறது.

படி 3: டிஸ்க், காலிப்பர், ஹோஸ்

துளை போட்ட டிஸ்க் வேண்டாம், துளையைச் சுற்றித்தான் வெடிப்புத் தொடங்கும். நல்ல கொம்பனியின் வெறும் டிஸ்க் போதும், வடிவு வேண்டுமென்றால் கோடு வெட்டியது போடலாம். ஸ்ரீல் பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் இறுக்கமாக இருக்கும், கார் நிற்கும் தூரம் அதனால் குறையாது. காலிப்பர் மாற்றுகிறவர்கள், பிஸ்டன் பெரிதானால் பெடல் கூட இறங்கும் என்பதையும், முன்பக்கம் மட்டும் பலம் கூடினால் பின்பக்கம் வேலை செய்யாமல் சும்மா வரும் என்பதையும் யோசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். றிம்முக்குள் இடம் இருக்கிறதா என்று காலிப்பரின் உருவத்தை மட்டையில் வெட்டி வைத்துப் பார்ப்பது பிறகு தலையில் கைவைப்பதை விட மலிவு.

படி 4: காற்று எடுப்பது

ஒயிலுக்குள் மாட்டிய காற்றை வெளியே எடுக்காவிட்டால் பெடல் ஸ்பொஞ்ச் போல இறங்கும். இங்கேதான் நான் மினக்கெட்டேன், ஆகவே நீங்களும் நின்று வாசியுங்கள்.

சாமான்கள்: நிப்பிளுக்கு (காற்றை வெளியே விடக் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகு) சரியான ரிங் ஸ்பானர், உள்ளே தெரியும் மெல்லிய ரியூப், கால்வாசி புதிய ஒயில் ஊற்றிய போத்தல், பெடல் அமுக்க ஓர் ஆள். இழுக்கிற வக்யூம் பம்ப் எனக்குச் சரிவராது. நிப்பிளின் மரைப் பக்கமாகவும் காற்றை இழுத்துக் குமிழி காட்டிக்கொண்டே இருக்கும், முடிந்ததா இல்லையா என்றே தெரியாது. என் மருமகன் பெடலில், நான் கீழே. ‘அமுக்கு’ என்றால் அமுக்கிப் பிடிப்பான், நான் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகு ‘விடு’ என்று சொன்னால்தான் விடுவான். மூட முதல் விட்டால் காற்று திருப்பி உள்ளே போகும். பெடலை ஒரேயடியாகத் தரைவரை அமுக்கவிடாதீர்கள், பழைய காரில் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் அமுக்கும்போது ஒயிலைத் தள்ளும் பம்பின்) அடிப்பகுதி துருப்பிடித்திருந்தால் சீல் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்தால் அந்தக் கவலை இல்லை. எந்தச் சக்கரம் முதலில் என்பதைக் காரின் புத்தகத்தில் பாருங்கள். மேலே ரிசேவரில் ஒயில் வற்றவே விடக்கூடாது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து, ரியூப்பில் ஒரு குமிழி கூட வராமல், பெடல் மட்டும் ஸ்பொஞ்ச் போலவே இருந்தால்? எனக்கு அதுதான் நடந்தது. ஒரு போத்தல் ஒயில் முழுக்கப் போனது, ‘மாமா, இன்னும் அமுக்கவோ’ என்று கேட்டுக் கேட்டு அவனுக்கும் கால் ஓய்ந்தது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்றார் ஒருவர், ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. நான் போட்டது ரீகண்டிஷன் கடையில் எடுத்த, வேறு பெரிய கார் ஒன்றின் காலிப்பர். பிராக்கெற் வைத்துப் பூட்டியபோது அது இருந்த கோணத்தில் நிப்பிள் உச்சியில் இல்லை, கொஞ்சம் பக்கவாட்டில் இறங்கி இருந்தது. காற்று எப்போதும் மேலேதான் நிற்கும். நிப்பிளுக்கு மேலே ஓர் இடம் இருந்தால் அங்கே ஒரு சின்னக் குமிழி குந்திக்கொண்டுவிடும், எத்தனை போத்தல் ஊற்றினாலும் ஒயில் அதற்குக் கீழாலேயே ஓடிப்போகும்.

வழி சுலபம். காலிப்பரின் போல்ற்றைக் கழற்றி, ஹோஸ் இழுபடாமல் கையில் தூக்கி, நிப்பிள் நேர் மேலே பார்க்கும்படி சரியுங்கள். பாட்டுகளுக்கு நடுவில் டிஸ்க் அளவு தடிப்புள்ள பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். காலிப்பரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு காற்றை எடுத்தால், அது ஒரே ‘புளுக்’கில் வெளியே வரும். அன்றைக்குப் பெடல் கல்லு மாதிரி நின்றது. நிப்பிள் கொஞ்சம் அல்ல, முழுக்கக் கீழே பார்த்தால் இடது காலிப்பரும் வலது காலிப்பரும் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன. அச்சுக்குப் பின்பக்கமாக இருந்த காலிப்பரை அச்சுக்கு முன்பக்கமாகக் கொண்டுவரும்போதும் இப்படி ஆகும், அப்போது பக்கம் மாற்றியே போடவேண்டும்.

சிந்திய ஒயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ரைத் தின்றுவிடும்.

படி 5: பாட்டைப் பழக்குவது

புதுப் பாட்டின் ஒரு மெல்லிய படை டிஸ்க்கில் சமமாக ஒட்டவேண்டும். வழக்கமாக 100இலிருந்து 20க்குத் திரும்பத் திரும்ப, நிற்காமல் பிடிக்கச் சொல்வார்கள். நம் ரோட்டில் 70க்கு மேல் சட்டமில்லை, ஏ9 நேராக இருக்கிறது என்பதற்காக அங்கே 100இல் விளையாடவும் கூடாது. நான் செய்தது: விடியப்புறம் வாகனமில்லாத நேரத்தில் 60இலிருந்து 10க்கு, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துப் பார்த்து, நடுத்தர அழுத்தத்தில் பல தடவை. பிறகு கால் வைக்காமல் ஓட்டி ஆறவிட்டேன். மீதியை ட்ராக்கின் முதல் சுற்றுகளில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பழக்கினேன்.

சூடான பாட்டோடு நிற்பாட்டிப் பெடலை அமுக்கிக்கொண்டு இருக்கக்கூடாது. பாட் இருந்த இடத்தில் அச்சுப் பதிந்து, பிறகு ஸ்ரேறிங் நடுங்கும். ‘டிஸ்க் நெளிந்துவிட்டது’ என்று சொல்லி மாற்றுவதில் பாதி இந்த ஒட்டுப் படைதான்.

படி 6: ட்ராக்கில் பெடல் சொல்வதைக் கேட்பது

இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டுக்கும் மருந்து வேறு. பெடல் கெட்டியாக இருக்கிறது, முழுப் பலத்தோடு மிதித்தும் கார் நிற்கவில்லை என்றால் பாட் சூடு தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று இறங்குகிறது, இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் ஒயில் கொதித்து ஆவி வந்துவிட்டது. முதலாவதற்கு ஆறவிட்டால் போதும், பிறகு நல்ல பாட் பாருங்கள். இரண்டாவதற்கு அன்றைய ஓட்டம் அவ்வளவுதான். ஆறிய பிறகு பெடல் திரும்பி வந்தாலும் அந்த ஒயிலை மாற்றாமல் வேகமாக ஓடவேண்டாம்.

புதியவர்கள் பயத்தில் தூரத்திலிருந்தே மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். அது டிஸ்க்குக்கு ஆறும் நேரத்தைக் கொடுக்காது. பலமாக, குறுகிய நேரம் பிடித்து விடுங்கள். கடைசிச் சுற்றைப் பிறேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹான்ட் பிறேக் இழுக்காமல் கியரில் போட்டு, ரயருக்குக் கல் வையுங்கள்.

அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். உள்ளே வந்து நிற்பதற்குள் டிஸ்க் ஆறிவிடும், பளபளக்கும் இரும்பில் அது பிழையாகவும் காட்டும். டிஸ்க் ஓரத்தில் பூசும் வெப்ப வர்ணம்தான் எனக்கு விருப்பம். பச்சை 430, செம்மஞ்சள் 560, சிவப்பு 610 பாகையில் நிறம் மாறும், எவ்வளவு உச்சிக்குப் போனது என்று வீட்டுக்கு வந்தும் பார்க்கலாம். என்னுடையதில் பச்சை மட்டும் மாறியது, அதனால் பெரிய டிஸ்க் வாங்கும் ஆசையை அதோடு விட்டுவிட்டேன்.

வீடு திரும்ப முதல் வீல் நட்டை ரோர்க் ஸ்பானரால் பாருங்கள், பிஸ்டன் ரப்பர் கருகியிருக்கிறதா, பாட் ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்க்கில் மயிரிழை வெடிப்புகள் வரும், அது சாதாரணம். ஓரத்தைத் தொட்ட வெடிப்பு என்றால் அந்த டிஸ்க்கோடு ஏ9 ஏறவேண்டாம்.

பின்சேர்க்கை: பின்னால் டிஸ்க்குக்குப் பதில் ட்ரம் பிறேக் உள்ள காரில் இது சரிவருமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வரும், வேலையில் பெரும்பங்கு முன்பக்கம்தான். ட்ரம்மைச் சரியாக அட்ஜஸ்ற் செய்யாவிட்டாலும் பெடல் நீளமாக இறங்கும், அதைக் காற்று என்று நினைத்து மினக்கெடாதீர்கள்.

இன்னொன்று. டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார் வைத்திருக்கும் தம்பி ஒருவர் படி 4ஐ அப்படியே செய்யப் போனதாக எழுதியிருந்தார். அக்வா, வெஸல் ஹைபிரிட் போன்றவற்றில் பிறேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மின்சாரம். அக்வாவில் கார் நிற்கும்போதும், கதவைத் திறந்தாலே பம்ப் விழித்து வேலை செய்யும். அவற்றில் இந்த முறையால் காற்று எடுக்க வேண்டாம். அந்தக் காருக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜில் கொடுங்கள், ஒயில் போத்தலை மட்டும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், எந்த ஒயில் என்று முதலில் காரின் புத்தகத்தில் பார்த்துவிட்டு.